நிமிர்ந்தவளும் கூரை பிரித்தவர்களும்

விவிலியத்தின் நோய் தீர்க்கும் அற்புதங்களைப் படிப்போர் பெரும்பாலும் இரு சாரார். ஒரு சாரார், அவை நிகழ்ந்தன என்று கைகூப்புவர். மறு சாரார், நிகழ்ந்திருக்க இயலாது என்று நூலையே மூடிவிடுவர். பகுத்தறிவில் பற்றுடைய நம்மவர் பலர் இரண்டாம் சாராரே. ஆயின், இருவரும் ‘நடந்ததா?’ என்ற ஒரே கேள்வியில் நின்றுவிடுகின்றனர். ‘இக்கதை என்ன சொல்கிறது?’ என்பதன்றோ இலக்கியம் பயில்வோர் எழுப்ப வேண்டிய கேள்வி? யோவான் தம் நூலில் இச்செயல்களை ‘அடையாளங்கள்’ என்றே குறிக்கிறார்.

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். 18 ஆண்டுகளாக நிமிர முடியாத பெண்ணொருத்தி ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்தில் இருக்கிறாள். இயேசு அவளை அழைத்து நிமிர்த்துகிறார். கூடத்தின் தலைவன் சினங்கொள்கிறான்: வேலைக்கு ஆறு நாள் உண்டு, அப்போது வந்து குணம் பெறலாமே என்கிறான். இதனைக் குணமாக்கியவரிடம் அவன் சொல்லவில்லை, கூட்டத்தாரிடம் சொல்கிறான். அதிகாரம் எளியவரையே அதட்டும். இயேசுவோ, ஓய்வுநாளில் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவோர், ஆபிரகாமின் மகளை அவிழ்க்கலாகாதா என்று கேட்கிறார். கிரேக்க மூலத்தில் மாட்டுக்கும் மங்கைக்கும் ‘அவிழ்த்தல்’ என்ற வினை ஒன்றே. இங்கு நோய் என்பது கட்டு. குணம் என்பது விடுதலை. ‘ஆபிரகாமின் மகள்’ என்பதோ, ஊராருள் அவளுக்குள்ள உரிமையின் பெயர்.

இக்கதையை அக்கரப்பத்தனைத் தேயிலை மலையில் வைத்துப் படிப்போர்க்கு உரை வேண்டுவதில்லை. தலையில் கயிறு மாட்டி, முதுகில் கூடை சுமந்து கொழுந்தெடுப்பவளின் ஒரு நாட்கூலிக்குத் தோட்ட வழக்கில் ‘பேர்’ என்று பெயர். குறித்த நிறை தேறாவிடில் ‘அரைப்பேர்’. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அவர்களைக் கேளாமலே பங்கிட்டது. எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. லூக்காவின் கூனி காத்திருந்தது 18 ஆண்டுகள். இவர்கள் காத்திருந்தது 55 ஆண்டுகள்.

எனினும், குறியீட்டு விளக்கத்திலும் ஓர் ஆபத்து உண்டு. குருடு என்றால் அகக்குருடு, கூன் என்றால் பாவச்சுமை என்று சொல்லிச் சொல்லி, வலிக்கின்ற முதுகையே மறைத்துவிடலாம். நோயைப் பாவத்தின் கூலி என்பாரும் உளர். நம்மூரில் அதுவே முன்வினை ஆகும். யோவானின் 9ஆம் அதிகாரம் இவ்வெண்ணத்தை மறுக்கிறது: பிறவிக் குருடனைச் சுட்டி, யார் செய்த பாவம் என்று சீடர் கேட்க, அவனுமன்று, பெற்றோருமல்லர் என்கிறார் இயேசு. உடலைக் கைவிடும் குறியீடு கதைக்கே துரோகம்.

லூக்காவின் கதைக்கும் ஓர் எல்லை உண்டு. அப்பெண் எதுவும் கேட்கவில்லை, விடுதலை தானே அவளைத் தேடி வருகிறது. அந்தக் குறையை நிறைவு செய்வது மாற்கின் 2ஆம் அதிகாரம். வாயிலில் கூட்டம் வழிமறிக்க, நால்வர் கூரையைப் பிரித்து முடக்குவாதக்காரனைக் கட்டிலோடு இறக்குகின்றனர். அங்கே இயேசு கண்டது தூக்கி வந்தவர்களின் நம்பிக்கையையும் என்கிறது கதை. வழி அடைபட்டபோது கூரையைப் பிரித்த அந்த எட்டுக் கைகளே அற்புதத்தின் தொடக்கம் என்று நாம் கொள்கிறோம்.