அதெல்லாம் நார்மல் சார்

ஆழ்வார்பேட்டையில் எங்கள் அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. என் இடத்துக்கு மட்டும் கூடுதலாக ஓர் அட்டை. பக்கத்து வீட்டுக்கு பிரிட்ஜ் வந்த பெட்டியைக் கிழித்து வாட்ச்மேன் போட்டது. காலையில் காரை வெளியே எடுத்தால் அட்டையில் கறுப்பாக மூன்று, நான்கு வட்டங்கள். எஞ்சின் ஆயில்.

"நேத்து மூணு சார். இன்னிக்கு அஞ்சு" என்பார் வாட்ச்மேன், கிரிக்கெட் ஸ்கோர் சொல்கிற தொனியில்.

புதுக் கார். வாங்கி ஏழு மாதம்தான். கம்பெனி பேர் வேண்டாம், அவர்கள் பாவம், விளம்பரத்துக்கு நிறைய செலவழித்திருக்கிறார்கள். ஐந்து முறை சர்வீஸுக்கு விட்டேன். ஐந்து முறையும் டை கட்டிய இளைஞர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து சொன்னார்:

"லீக் இல்ல சார். சீப்பேஜ்."

"என்னப்பா வித்தியாசம்?"

"லீக்குன்னா ஒழுகும் சார். சீப்பேஜ்னா லேசா ஈரமா இருக்கும். அதெல்லாம் நார்மல் சார்."

"ஈரம் எப்படிப்பா அட்டையில சொட்டும்?"

"பார்க்கிங் கொஞ்சம் சரிவா இருக்கா சார்?"

தமிழில் ஒழுகு என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். கூரை ஒழுகும், மனிதன் நெறிப்படி ஒழுகுவான். அதிலிருந்துதான் ஒழுக்கம். இந்தக் காரைப் பொறுத்தவரை முதல் அர்த்தத்தில் கார் ஒழுகியது. இரண்டாவது அர்த்தத்தில் யாரும் ஒழுகவில்லை.

ஆகவே இந்த வாரம் விமர்சனத்துக்கு இரண்டு நூல்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டையும் நீங்கள் நிச்சயம் படித்திருக்க மாட்டீர்கள், வீட்டில் இருந்தும்கூட. ஒன்று, சர்வீஸ் ஸ்டேஷனில் கொடுக்கும் ஜாப் கார்டு. மற்றது, வாரண்டி புத்தகம்.

ஜாப் கார்டு ஓர் அபாரமான சிறுகதை வடிவம். அதில் வாடிக்கையாளர் சொல்வதை எழுத ஒரு கட்டம் இருக்கிறது. நான் சொன்னது: 'ராத்திரி நிறுத்தினால் காலைக்குள் நாலைந்து சொட்டு ஆயில் தரையில் விழுகிறது.' அவர் எழுதியது: 'ஆயில் செக்.' சொட்டு போயிற்று, ராத்திரி போயிற்று, தரையும் போயிற்று. புகாராக உள்ளே போனது வேண்டுகோளாக வெளியே வந்துவிட்டது. வீட்டில் ஐந்து கார்டுகளையும் வரிசையாக வைத்துப் படித்தேன். முதலாவதில் 'ஆயில் செக்.' இரண்டாவதில் 'ஜெனரல் செக்கப்.' மூன்றாவதில் 'பேக்கிங் மாற்றப்பட்டது' என்று மட்டும், ஏன் என்பது இல்லாமல். நான்காவதில் மறுபடி 'ஆயில் செக்.' ஐந்தாவதில் 'வாஷிங்.' ஒரே வியாதிக்காக ஒரு கார் ஐந்து தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தது என்பதை இதைப் படித்து எந்தத் துப்பறியும் நிபுணராலும் கண்டுபிடிக்க முடியாது.

வாரண்டி புத்தகம் நீளமான நாவல். முதல் அத்தியாயத்தில் எல்லாவற்றையும் கொடுக்கிறது, கடைசி அத்தியாயத்தில் திருப்பி வாங்கிக்கொள்கிறது. வண்டியின் இயக்கத்தைப் பாதிக்காத சத்தம், அதிர்வு, திரவக் கசிவு போன்ற அற்பக் குறைகளுக்கு வாரண்டி இல்லை என்கிற ரக ஷரத்து கார் உலகத்தில் புதிதில்லை. எது அற்பம் என்று தீர்மானிப்பது யார்? அதே டை கட்டிய இளைஞர்தான்.

அற்பமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லி. நிமிஷத்துக்கு ஒரு சொட்டு விழுந்தால் நாளுக்கு 1,440 சொட்டு, அதாவது 72 மில்லி. மாதம் இரண்டு லிட்டருக்கு மேல். சின்னக் கார் எஞ்சினில் மொத்தமே மூன்றரை லிட்டர் சொச்சம்தான் இருக்கும். என் கார் அவ்வளவு தாராளம் இல்லை என்பது உண்மை. ஆனால் இன்று ஐந்து சொட்டாக இருப்பது அடுத்த வருஷமும் ஐந்தாகவே இருக்கும் என்று அந்தப் புத்தகம் எங்கும் உறுதி தரவில்லை. ஒழுகும் எண்ணெய் சூடான சைலன்சர் குழாயில் விழுந்தால் புகை வரும், மோசமானால் தீயும் வரும். பைக்கில் அது பின் டயரில் பட்டால் வளைவில் வழுக்கும்.

ஏன் ஒழுகுகிறது? எஞ்சின் என்பது பல உலோகத் துண்டுகளை போல்ட் போட்டு இறுக்கிய பெட்டி. துண்டுகள் சேரும் இடத்தில் பேக்கிங். சுழலும் தண்டு வெளியே வரும் இடத்தில் ரப்பர் ஆயில் சீல். இவை கிழியலாம், காயலாம். அது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னவென்றால், எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எப்போதும் கீழே இறங்கும். அது வெளியேற பிரீதர் என்று ஒரு மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, இருப்பதிலேயே பலவீனமான இடத்தின் வழியாக எண்ணெயைப் பிதுக்கித் தள்ளும். பேக்கிங்கை மாற்றினால் இரண்டு வாரம் நிற்கும். அப்புறம் மறுபடி.

ஆயில் ஒழுகல் என்றால் சென்னைக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது காரே இல்லை. புல்லட்.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்து இங்கே புல்லட் செய்ய ஆரம்பித்தது. திருவொற்றியூர் ஃபாக்டரி. தாய்க் கம்பெனி அங்கே 1970 வாக்கில் மூடப்பட்டது. பிள்ளை இங்கே தொடர்ந்து ஓடியது, தாயின் வியாதிகளோடு. அந்த வார்ப்பிரும்பு எஞ்சினில் இடது பக்கம் பிரைமரி செயினை மூடும் பெரிய கவரைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் ஸ்க்ரூ கிடையாது. நடுவே ஒரே ஒரு நட். ஓரத்தில் ஒரு ரப்பர் வளையம். ஒழுகுகிறதே என்று நட்டை இன்னும் இறுக்கினால் கவர் வளைந்து இன்னும் ஒழுகும். தவிர, எஞ்சின் பெட்டி இடது, வலது என்று செங்குத்தாகப் பிளந்து சேர்த்தது. இணைப்புக் கோடு எண்ணெய் மட்டத்துக்குக் கீழேயும் போகும். பல ஜப்பான் எஞ்சின்களில் பெட்டியைக் கிடைமட்டமாகப் பிளந்து கோட்டை எண்ணெய்க்கு மேலே வைத்துவிட்டார்கள். எத்தனை எளிய யோசனை!

1985-ல் ஹீரோ ஹோண்டா வந்தபோது, நான்கு ஸ்ட்ரோக் பைக்கின் அடியில் தரை சுத்தமாகவும் இருக்கலாம் என்று நமக்குத் தெரிந்தது. நியாயமாகப் பார்த்தால் புல்லட்காரர்கள் திருவொற்றியூருக்கு ஊர்வலம் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஜோக் சொன்னார்கள். 'புல்லட் ஒழுகினால் கவலைப்படாதே. நின்றுவிட்டால்தான் கவலைப்படணும், உள்ளே ஆயில் தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம்.' நானும் இதைப் பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது யோசித்தால், காசு கொடுத்து வாங்கினவனே கம்பெனிக்காகச் சொன்ன ஜோக் அது. குறை மெல்ல மெல்ல குணமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோணியைப் போட்டு உட்கார்ந்து நட்டு முறுக்குவது பக்தியாகிவிட்டது. பக்தர்களிடமிருந்து யாருக்கும் புகார் வராது.

எப்போது சரிசெய்தார்கள் தெரியுமா? ஆள் குறைந்தபோது. 2000 வாக்கில் ஐஷர் குழுமம் இந்தத் தொழிலை மூடிவிடலாமா, விற்றுவிடலாமா என்று யோசிக்கும் நிலை. இருபத்தாறு வயது சித்தார்த்த லால் பொறுப்பெடுத்தார். 2008-லிருந்து எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும் புது எஞ்சின் வரத் தொடங்கியது. அடுத்த ஓரிரு வருஷங்களில் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் விடைபெற்றது. 'பழைய சத்தம் போச்சே' என்று அழுதவர்கள் உண்டு. ஆனால் 2014-ல் விற்பனை மூன்று லட்சத்தைத் தாண்டியது. கம்பீரத்துக்கும் கறுப்பு வட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்துபோயிற்று. ஒழுகலை மன்னித்தவர்களால் அது நிற்கவில்லை. ஷோரூம் வாசல் வரை வந்து, வேண்டாம் என்று திரும்பிப் போனவர்களால் நின்றது.

அதே கம்பெனி 2021 மே மாதம், இக்னிஷன் காயிலில் கோளாறு இருக்கலாம் என்று 2,36,966 பைக்குகளைத் தானாகவே திருப்பி அழைத்தது. அதில் பத்து சதவிகிதத்துக்கும் குறைவாகத்தான் பார்ட் மாற்றவேண்டி வரும் என்று கணித்திருந்தும் அழைத்தார்கள். இதை மனமாரப் பாராட்டலாம். 'நார்மல் சார்' என்று சொல்லியிருக்க முடியும், சொல்லவில்லை.

சரி, நாம் வாங்கின பிறகு ஒழுகினால்? திரும்பிப் போக முடியாது. சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் இந்த மாதிரி வண்டிகளை எலுமிச்சை என்பார்கள். 1982-ல் கனெக்டிகட் மாநிலம் 'லெமன் லா' கொண்டுவந்தது. ஒரே குறையை நான்கு தடவை பார்த்தும் தீரவில்லை, அல்லது மொத்தம் முப்பது நாள் வண்டி ஒர்க்‌ஷாப்பிலேயே கிடந்தது என்றால் வேறு வண்டி கொடு, இல்லை பணத்தைக் கொடு. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது அதன் கஞ்சத்தனமான எளிமை. நிபுணர் தேவையில்லை, எண்ணத் தெரிந்தால் போதும்.

நம்மிடம் எண்ணும் சட்டம் இல்லை. 1986-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 2019-ன் சட்டமும் 'குறைபாடு' என்பதை விரிவாகத்தான் வரையறுக்கின்றன. ஆனால் உற்பத்திக் குறை என்று நிரூபிக்கும் பாரம் பெரும்பாலும் வாங்கினவன் தலையில். நிபுணர் அறிக்கை கேட்பார்கள். 2006-ல் ஒரு மாருதி கார் வழக்கில் சுப்ரீம் கோர்ட், வாரண்டியில் பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் சொல்லியிருக்கிறது, காரையே மாற்றச் சொல்ல முடியாது என்றது. திருப்பி அழைக்கும் விதிகள் 2021 ஏப்ரல் முதல் கட்டாயமாகியிருக்கின்றன. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு, ஆளுக்கோ சுற்றுச்சூழலுக்கோ ஆபத்தான குறைகளுக்கு. அதற்கும் போதுமான பேர் புகார் பதிவு செய்ய வேண்டும். ஆளுக்கொரு பார்க்கிங்கில் ஆளுக்கொரு அட்டை போட்டுக்கொண்டு சும்மா இருந்தால் அந்த எண்ணிக்கை என்றைக்கும் சேராது.

இப்போது அந்த ஜாப் கார்டுக்குத் திரும்ப வாருங்கள். இரண்டு வருஷத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போகலாம். வக்கீல் கட்டாயமில்லை. அங்கே மேஜை மேல் இருக்கப்போவது உங்கள் கோபமோ வாட்ச்மேனின் ஸ்கோரோ அல்ல, இந்த ஐந்து தாள்கள். அவற்றில் 'ஆயில் செக், வாஷிங்' என்றிருந்தால் நீங்கள் புகாரே செய்யவில்லை. கையெழுத்துப் போடும் முன் கார்டைப் படிக்காதது நம்முடைய தப்பு. நான் ஐந்து முறை அந்தத் தப்பைச் செய்தவன். படித்தவன், எழுதுகிறவன் என்றெல்லாம் பேர் வேறு!

ஆறாவது முறைக்கு முன்னால் எல்டாம்ஸ் ரோடு பக்கம் ஒரு சந்தில் இருக்கும் மெக்கானிக்கிடம் போனேன். "நான் ஸ்க்ரூ தொட மாட்டேன் சார், வாரண்டி போயிடும். சும்மா பார்த்துச் சொல்றேன்" என்றார். எஞ்சினை நன்றாகத் துடைத்தார். முகத்துக்குப் போடும் பவுடர் டப்பா ஒன்றை எடுத்துத் தாராளமாகத் தூவினார். கார் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆயிற்று. ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வரச் சொன்னார். டி.டி.கே. ரோடு போய்த் திரும்பினேன். வெள்ளைப் பவுடரில், மேல் மூடியின் பின் ஓரத்திலிருந்து கறுப்பாக ஒரே ஒரு கோடு கீழே இறங்கியிருந்தது.

"மூச்சு விட முடியல சார் அதுக்கு. பிரீதர் வால்வைப் பார்க்கச் சொல்லுங்க. பேக்கிங் மேல பழி போடாதீங்க." காசு வாங்க மறுத்தார். பவுடருக்கு மட்டும் என்று வற்புறுத்திக் கொடுத்தேன்.

செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டு சர்வீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். நான் சொல்வதை அப்படியே எழுதச் சொன்னேன்: 'ஆறாவது முறை. அதே ஆயில் ஒழுகல். தினம் நாலைந்து சொட்டு.'

"சிஸ்டத்துல அவ்ளோ லெட்டர் ஏறாது சார்."

"பேனாவுல ஏறுமேப்பா."

எழுதினார். சீல் போட்டார். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு உள்ளேயிருந்து மேனேஜர் வந்தார், முதன்முறையாக. காபி வந்தது. மாலைக்குள் வால்வு மாற்றப்பட்டது, வாரண்டியிலேயே. வால்வு சின்ன சமாசாரம்தான், சுண்டுவிரல் நீளம் இருக்கும். ஐந்து மாதம் என்னைக் கொன்றது அது அல்ல, 'நார்மல்' என்ற அந்த ஒரு வார்த்தை.

ஆறாவது ஜாப் கார்டின் கடைசி வரி: 'கஸ்டமர் திருப்திக்காக வால்வு மாற்றப்பட்டது. வண்டியில் குறை எதுவும் காணப்படவில்லை.' நல்ல எழுத்தாளர். முடிவை மட்டும் மாற்ற மாட்டார். அந்தத் தாளை மற்ற ஐந்தோடு சேர்த்து ஃபைலில் வைத்திருக்கிறேன்.

ஐந்து வாரமாகிறது. அட்டையை வாட்ச்மேன் இன்னும் எடுக்கவில்லை. தினம் காலையில் குனிந்து பார்க்கிறார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிகிறது.

"இன்னிக்கும் டக் அவுட் சார்."