லயத்து மண்ணைக் காணாத சோதனைக் குழி

ஊவாவில் பதுளையிலிருந்து பசறைக்குப் போனாலும் பண்டாரவளைக்குப் போனாலும் வீதி மலையை அறுத்துக்கொண்டுதான் போகிறது. அறுபடும் மண்ணில் பழைமையின் தடயம் உண்டா என்று முன்கூட்டியே பார்ப்பதற்கு இலங்கையில் சட்டம் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச்சட்டம் 1998இல் திருத்தப்பட்டது. 2000ஆம் ஆண்டு தொல்லியல் தாக்க மதிப்பீட்டுக்கான நடைமுறை வர்த்தமானியில் வெளியானது. ஆய்வாளர் வீதித் தடத்தை நடந்து பார்க்கிறார். ஐயம் எழும் இடத்தில் சோதனைக் குழி வெட்டுகிறார். பானை ஓடு, கரித்துண்டு, இரும்புக் கசடு எந்த மண்படையில் கிடைத்தது என்று பதிகிறார்.

இந்த முன்னாய்வால் என்ன பயன் என்று கேட்போருக்கு ஊவாவின் எல்லையை அடுத்த சமனலவெவ பதில் சொல்லும். அங்கே அணையில் நீர் நிரம்புவதற்கு முன் நடந்த ஆய்வில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாக இரும்புருக்கு உலைகள் வெளிப்பட்டன. துருத்தியே இல்லாமல், தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தில் எரிந்த உலைகள் அவை. ஆய்வாளர் ஜில் ஜுலெஃப் அதே வடிவில் உலை கட்டி, இரும்பு உருக்கிக் காட்டி, 1996இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். முன்னாய்வு நடந்திராவிட்டால் அந்தத் தொழில்நுட்பம் நமக்குத் தெரியாமலே நீருக்குள் போயிருக்கும்.

ஆனால் இந்த முறைக்குக் குறைகளும் உண்டு. முதலாவது, மலைச்சரிவு. கோப்பிக்காக 19ஆம் நூற்றாண்டில் காடு வெட்டப்பட்டதிலிருந்து மேல்மண் மழையில் கரைந்து கீழே வந்துகொண்டே இருக்கிறது. பிறகு தேயிலைக்குக் கான் வெட்டினார்கள். மேலே இருந்த ஓடு கீழே கிடக்கும். கீழே இருந்தது ஆழத்தில் புதைந்திருக்கும். ஒரு மீட்டர் சதுரக் குழியில் எதுவும் அகப்படவில்லை என்பதால் அந்த மலையில் எதுவுமில்லை என்று முடிவு கட்ட முடியாது. அயர்லாந்தில் விவசாய நிலங்களின் ஊடே வீதி போடும்போது, தடம் நெடுகிலும் இயந்திரத்தால் நீண்ட அகழிகள் வெட்டிப் பார்க்கிறார்கள். அந்த நாட்டிலும் லிஸ்முல்லின் என்ற இடத்தில் 2007இல் வெளிப்பட்ட பழைய மரவட்டம் பதிவுசெய்யப்பட்ட பின், அதன் மேலேயே எம்3 நெடுஞ்சாலை போனது. ஆகவே, பதிவு செய்வது வேறு, பாதுகாப்பது வேறு.

இரண்டாவது குறைதான் என்னை அதிகம் வருத்துகிறது. 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்த நாள். பழைமைச் சின்னம் எது என்பதற்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை அந்த நாள்தான். கோப்பித் தோட்டம், தேயிலை, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயம், அவர்கள் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களம், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை, காமன் கூத்து ஆடும் காமன் பொட்டல் எல்லாமே அதற்குப் பிந்தியவை. இடிந்த லயத்தின் ஓரத்தில் குழி வெட்டும்போது உடைந்த பீங்கான் கோப்பை, தேய்ந்த கவ்வாத்துக் கத்தி, ஆள் இலக்கம் பொறித்த தகர வில்லை வரலாம். அவற்றை வெறும் குப்பை மண்ணாக ஒதுக்குவதைத் தடுக்க அந்த நாள்வரம்பில் இடமில்லை. 1815க்குப் பிந்திய கட்டடங்களையும் அமைச்சர் வர்த்தமானி வழியாகப் பாதுகாக்க முடியும் என்பது உண்மை. ஆனால், அப்படி ஒரு லயத்தைப் பாதுகாக்கும்படி கேட்க முதலில் யாராவது வேண்டுமே!

வீதி வேண்டாம் என்பது என் வாதமன்று. பிரசவ வலியில் துடிப்பவரைக் குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் சனங்களுக்குத்தான் நல்ல வீதி முதலில் தேவை. ஒவ்வொரு லயச் சுவரையும் காப்பாற்றவும் முடியாது. இடிக்கும் முன் அளந்து, படமெடுத்து, அங்கே வாழ்ந்த பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைக்கலாம். அதற்குச் சில நாட்கள் போதும்.

சோதனை அகழ்வு தேவையான நடைமுறை, அதைக் கைவிடக்கூடாது. ஆனால் சரிவுக்கு ஏற்ற நீண்ட அகழிகள், தோட்ட மக்களின் வாய்மொழிச் சாட்சியம், 1815ஐத் தாண்டிய கால எல்லை ஆகிய மூன்றும் சேரும்வரை ஊவாவில் அது அரைகுறை ஆய்வாகவே இருக்கும். தோட்ட மக்களான எங்கள் முன்னோர் இந்த மலைகளுக்கு வந்து சேர்ந்தது அந்த நாளுக்குப் பிறகுதான்.