குருகும் கரணமும்: சேர்ந்து வாழ்வோர் உடன்படிக்கை குறித்து

சங்க இலக்கியக் களவொழுக்கத்தை, மணமின்றிச் சேர்ந்து வாழும் இன்றைய வழக்கத்தோடு ஒப்பிடும் போக்கு உண்டு. இவ்வொப்பீடு மேலோட்டமானது. களவு மறைவில் நிகழ்வது. கற்பை நோக்கிச் செல்வது. சேர்ந்து வாழ்தலோ ஒரே இல்லத்தில் நடப்பது. மணத்தில் முடிய வேண்டும் என்பதில்லை. ஆயினும் இரண்டிற்கும் பொதுவான இடர் ஒன்றுண்டு. ஒருவர் உறவை மறுத்துவிட்டால், மற்றவருக்குச் சான்று யாது?

குறுந்தொகை 25ஆம் பாடலில் கபிலரின் தலைவி, அவ்வேளையில் அங்கிருந்தது மீன் தேடி நின்ற குருகு மட்டுமே என வருந்துகிறாள். அகநானூறு 256ஆம் பாடலோ, தான் கூடிய பெண்ணை அறியேன் எனப் பொய்த்தவன் ஒருவன், கள்ளூர் அவையத்தார் சான்று கேட்டு உண்மை தெளிந்தபின் தண்டிக்கப்பட்டதைக் கூறுகிறது. பொய்யும் தவறும் தலைகாட்டிய பின்னரே கரணம் வகுக்கப்பட்டது என்னும் தொல்காப்பியக் கற்பியல் கருத்தை இவ்விரு பாடல்களோடு இணைத்துப் படித்தல் வேண்டும். அவ்வாறு படிக்கும்போது கரணம் வெறும் சடங்கன்று. கைவிடப்படக்கூடியவருக்கு அமைந்த சான்று என்பது புலனாகும்.

இந்தியாவின் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், திருமணத்தை ஒத்த உறவிலுள்ள பெண்ணுக்கும் பாதுகாப்பளிக்கிறது. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில் 2010இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இருவரும் மணம் செய்துகொள்ளத் தகுதியுடையவராய், துணைவராகவே சமூகத்தின்முன் விளங்கி, கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்தமை சான்றுகளால் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்றது. வாடகை, வீட்டுக்கடன், சேமிப்பு ஆகியவற்றில் அவரவர் பங்கை வரையறுக்கும் உடன்படிக்கை இங்குத் துணைநிற்கக் கூடும். அதற்கும் எல்லையுண்டு. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி ஒழுக்கக்கேடான நோக்கமுடைய ஒப்பந்தம் செல்லாது. எனவே, அது பொருளுரிமையை மட்டுமே பேசுதல் நன்று.

உத்தரகாண்ட் மாநிலத்தில் 2025 சனவரி 27இல் நடைமுறைக்கு வந்த பொதுக் குடிமைச் சட்டம் வேறு வழியை மேற்கொண்டது. கைவிடப்பட்ட பெண்ணுக்கு அது வாழ்க்கைப்படி கோரும் உரிமை தந்தது. உடன், பதிவு செய்யாது ஒரு மாதத்திற்குமேல் சேர்ந்து வாழ்வதைத் தண்டனைக்குரியதாகவும் ஆக்கியது. இங்குச் சான்று கண்காணிப்பாக மாறிவிடுகிறது. அகப்பாடல்களின் மொழியில் கூறுவதாயின், அரசே அலர் தூற்றும் ஊராகிறது.

தலைவி வேண்டியது தன் சொல்லை மெய்ப்பிக்கும் ஒரு சான்று. தன்னைக் காவல் காக்கும் ஊரையன்று. இவ்வேறுபாட்டை உணர்த்தாமல் களவையும் கற்பையும் கற்பிப்பது குறையுடைய கற்பித்தலே எனலாம்.