காஞ்சிபுரம் கொலு பொம்மைகளில் மனித உடல்

காஞ்சிபுரம் பட்டுக்குப் பெயர் பெற்றது; ஆனால் அது மண்ணுக்கும் உரிய ஊர். பஞ்சபூதத் தலங்களில் ஏகாம்பரநாதர் கோயில் நிலத்துக்குரியது. மூலவர் மணல் லிங்கம் என்பதால் நீராட்டு ஆவுடையாருக்கு மட்டுமே நடைபெறுகிறது. கம்பை ஆற்றில் வெள்ளம் வந்தபோது அம்மை லிங்கத்தைத் தழுவிக் காத்தாள் என்றும், அவளுடைய வளையலும் மார்பும் பதிந்த தழும்பு லிங்கத்தில் நிலைத்தது என்றும் தலபுராணம் கூறும். தொட்ட உடலை மண் மறப்பதில்லை என்பதே இக்கதையின் உட்பொருள். இதே ஊரின் பொம்மைக்காரத் தெருவில் நவராத்திரிக்காகச் செய்யப்படும் பொம்மைகளில் அத்தகைய தொடுகையைக் காண்பது அரிது.

காரணம் அச்சு. களிமண்ணையோ காகிதக் கூழ் சேர்ந்த கலவையையோ பிளாஸ்டர் அச்சின் முன்பாதியிலும் பின்பாதியிலும் அழுத்தி எடுத்து, இரண்டையும் ஒட்டி, காயவைத்து, தேய்த்து, வெள்ளை பூசி, வண்ணம் தீட்டுகிறார்கள். விரல் தடம் இருந்தால் அது குறை; தேய்த்து நீக்கிவிடுவார்கள். மரப்பாச்சியிலாவது உளி பட்ட இடம் தெரியும்.

இதன் விளைவு தெய்வ உருவங்களில் வெளிப்படை. லட்சுமி, சரஸ்வதி, ஆண்டாள் ஆகிய மூவருக்கும் பெரும்பாலும் ஒரே கன்னம், ஒரே தோள், ஒரே இடை. வேறுபாடு கையிலுள்ள பொருளிலும் சேலையின் நிறத்திலும் மட்டுமே. பட்டுக்கரையைத் தூரிகையால் வரைவதில் கலைஞர்கள் காட்டும் நுட்பம் அசாதாரணமானது. அந்தச் சேலைக்குள் ஓர் உடல் இருப்பதாகத்தான் தோன்றுவதில்லை. 2019-இல் அத்தி வரதர் 48 நாட்கள் காட்சி தந்தபோது கிடந்த கோலமும் நின்ற கோலமும் புதிய பொம்மைகளாக வந்தன. கோலம் புதிது, உடல் பழையது.

விதிவிலக்கு கொலுவின் கீழ்ப்படிகளில் இருக்கிறது. கடை விரித்து அமர்ந்திருக்கும் செட்டியாருக்குத் தொந்தி உண்டு. அது மடியில் சரிந்து கிடக்கிறது. செட்டிச்சியின் புஜத்தில் சதை பிதுங்குகிறது. குறத்தியின் இடுப்பு குழந்தையின் எடைக்கேற்பச் சாய்ந்திருக்கிறது. வயதும் உழைப்பும் உண்டும் பசித்தும் வாழ்ந்த அடையாளமும் இங்கேதான் மண்ணில் ஏறுகின்றன. கேலிச்சித்திரத் தன்மை கலந்தவை என்றாலும், கொலுவில் சிற்பம் என்று விமர்சகர் நின்று பார்க்க வேண்டியவை இவையே.

நவீனச் சுடுமண் சிற்பம் இதற்கு எதிர்த்திசையில் சென்றது. குடியாத்தத்துக்காரரான சி. தட்சிணாமூர்த்தி சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியின் செராமிக் துறையில் ஆசிரியராக இருந்தவர். அகன்ற கண்களும் தடித்த உதடுகளும் கொண்ட அவரது உருவங்கள் கிராமதெய்வங்களை நினைவூட்டுகின்றன. அழகாக இருக்க வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இல்லை. லோத்தலில் பிறந்த ஹிம்மத் ஷா சுடுமண் தலைகளில் கண், மூக்கு, வாயைக் கீறலாகவும் பள்ளமாகவும் சுருக்கினார். ஆங்கிலேயச் சிற்பி ஆன்டனி கோர்ம்லி 2003-இல் சீனாவில் உருவாக்கிய 'ஏசியன் ஃபீல்டு' படைப்பில் கிராமத்தினர் சுமார் 350 பேர் ஏறக்குறைய 2 லட்சம் உருவங்களைப் பிடித்தார்கள். கையளவு இருக்க வேண்டும், நிற்க வேண்டும், இரண்டு கண்துளை வேண்டும். வேறு விதி இல்லை. எண்ணிக்கையில் கொலுவை விஞ்சும் அக்கூட்டத்தில் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை, ஏனெனில் ஒவ்வொன்றும் ஓர் உள்ளங்கையின் வடிவம்.

ஆயினும் பொம்மைக்காரரைக் கைவினைஞர் என்றும் கோர்ம்லியைக் கலைஞர் என்றும் பிரித்து முடித்துவிடுவது நியாயமாகாது. ஒவ்வோர் அச்சுக்கும் முன்னால் கையால் வனைந்த மூலப் பொம்மை ஒன்று இருந்தது. செட்டியாரின் தொந்தியை முதலில் பிடித்த விரல்கள் ஒரு சிற்பியுடையவை. அவருடைய பெயரை அடிப்பீடத்தில் யாரும் கீறி வைப்பதில்லை. கண்காட்சிப் பட்டியலோ விமர்சனமோ அவரைத் தேடிப் போனதுமில்லை. புதிய மூலம் வனைய நாளாகும், அதற்குத் தனிக்கூலி கேட்டு வாங்குவதும் கடினம். ஆகவே அச்சு தேய்ந்தால், விற்பனையாகும் பொம்மையிலிருந்தே அடுத்த அச்சை எடுத்துவிடுவது எளிய வழி. களிமண் உலரும்போது சுருங்கும். சுட்டால் இன்னும் சுருங்கும். அப்படி எடுக்கப்படும் ஒவ்வொரு தலைமுறையிலும் செட்டியார் சற்றுச் சிறியவராகிறார், மூக்கு சற்று மழுங்குகிறது, தொந்தியின் மடிப்பு ஒரு வண்ணக்கோடாக மாறுகிறது.