எலி எலும்பில் கிடைத்த வைரஸ், ஒரு வாட்ஸ்அப் பயம்

கூட வேலை பார்க்கிற ஒருத்தர் போன மாசம் கேட்டார்: "சார், எலும்புல வர்ற கேன்சர் வீட்ல மத்தவங்களுக்கு ஒட்டுமா?" அவர் அக்கா பையனுக்கு ஆஸ்டியோசர்கோமா, வயசு 15. யாரோ ஒரு பழைய ஆய்வுச் சுருக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்காங்க. 1968ல் மார்ட்டனும் மால்ம்கிரனும் சயன்ஸ் இதழில் எழுதியது. நோயாளிகள் ரத்தத்தில் கட்டிக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது, குடும்பத்தார் பலரிடமும் இருந்தது, ஆகவே ஏதோ தொற்றுக்கிருமி இருக்கலாம் என்பது வாதம். ஒட்டாதுன்னு உடனே சொல்லிட்டேன். அந்த வாதம் எங்கே இடிக்குதுன்னு புரிய நாலு வாரம் படிக்க வேண்டியிருந்தது.

அன்றைக்கு அப்படி யோசித்ததில் தப்பில்லை. கதிர்வீச்சால் எலிக்கு வந்த லிம்ஃபோமாவை அரைத்து, செல்களை வடிகட்டி, சாற்றை மட்டும் வேறு எலிக்கு ஏற்றினால் லுகேமியா வருதுன்னு லீபர்மனும் காப்லனும் 1959லேயே காட்டியிருந்தாங்க. அணுகுண்டு சோதனைகள் கொட்டிய ஸ்ட்ரான்சியம்-90, உடம்புக்குள் கால்சியம் மாதிரியே நடந்து எலும்பில் போய் உட்காரும். அரை ஆயுள் சுமார் 29 வருஷம். அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் மிரியம் ஃபிங்கெல் குழு எலிகளின் எலும்புக் கட்டியிலிருந்து 1966ல் எஃப்பிஜே வைரஸைப் பிரித்தது. பிறகு ஸ்ட்ரான்சியம் கொடுத்து வந்த கட்டியிலிருந்து எஃப்பிஆர். கதிர்வீச்சு தூங்கும் வைரஸை எழுப்புது, நோய் எதிர்ப்பு தோற்குது, கட்டி வருது. கதை கச்சிதம்.

ரொம்பக் கச்சிதமா இருந்தா எனக்குச் சந்தேகம் வரும். எஃப்பிஜே கிடைத்த எலிக்குக் கதிர்வீச்சே கொடுக்கலை, கட்டி தானாக வந்தது. அப்புறம் எப்படி எஃப்பிஆரை மட்டும் கதிர்வீச்சுதான் எழுப்பியதுன்னு சொல்றது? எலிகளின் ஜீனோமிலேயே ரெட்ரோவைரஸ்கள் பரம்பரையாக இருக்கு, கட்டிக்குள் தேடினால் ஏதாவது கிடைக்கும். சர்வர் விழுந்த நேரத்து லாகில் ஒரு ப்ராசஸ் தெரியுதுன்னு அதைக் குற்றவாளி ஆக்குற மாதிரிதான் இது. சர்வர் விழாத நாட்களிலும் அது ஓடிச்சான்னு பார்க்கணும்ல?

ஆன்டிபாடி கதையும் அதேதான். குறைவாக என்றாலும், சம்பந்தமே இல்லாத ரத்த தானம் செய்தவர்களிடமும் அது இருந்தது. ஃபார்வர்டில் அந்த வரி இல்லை! கட்டி செல்லில் எத்தனையோ புரதங்கள். ரத்தம் எதைப் பார்த்து வினை செய்ததுன்னு அந்தச் சோதனை சொல்லாது. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு வந்துபோன சாதாரணக் கிருமிகளும் பெரும்பாலும் ஒன்றுதான். மனித ஆஸ்டியோசர்கோமாவுக்கு இதுதான் காரணம்னு ஒரு வைரஸ் இன்றுவரை நிரூபணமாகலை.

ஆனா எலி வேலை வீண் போகலை. அந்த வைரஸ் சுமந்த ஃபாஸ் ஜீன், எலியின் சொந்த செல்லிலிருந்து திருடியதுன்னு 1980களில் தெரிந்தது. வைரஸே இல்லாமல் அந்த ஜீனை அதிகமாக ஓடவிட்டாலும் எலிக்கு எலும்புக் கட்டி வந்தது. 2018ல் மனிதர்களின் ஆஸ்டியோபிளாஸ்டோமாவில், அது புற்றல்லாத எலும்புக் கட்டி, அதே ஃபாஸ் உடைந்து இடம் மாறியிருப்பதைப் பார்த்தாங்க.

நண்பரிடம் இவ்வளவும் சொல்லலை. கூட உட்கார்ந்து சாப்பிடலாம், பக்கத்துல படுக்கலாம். கீமோ நாட்களில் சளி, காய்ச்சல் இருக்கிறவங்கதான் பையன்கிட்ட போகக்கூடாது, அவனுக்குத்தான் எதிர்ப்பு சக்தி குறைவுன்னு சொன்னேன். பையனோட தங்கச்சியைப் பயந்து பாட்டி வீட்டுக்கு அனுப்பி வச்சிருந்தாங்களாம். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வந்துட்டாங்க.