எதிர்ப்புப் பாடலும் தொலைக்காட்சி நாடகமும்

அரசியற் பாடலொன்று தொலைக்காட்சி நாடகத்திலே இடம்பெறும்போது, அது எவருக்கு எதிராகப் பாடப்பட்டதோ அவ்வெதிரியும் காட்சியினுள் இடம்பெறுகின்றானா என்பதே நாம் எழுப்பவேண்டிய முதல் வினாவாகும். 2017ஆம் ஆண்டு ஸ்பெயினின் ‘அன்ரெனா 3’ அலைவரிசையில் ஒளிபரப்பாகி, பின்னர் நெற்பிளிக்ஸ் வழியாக ‘மணி ஹைஸ்ற்’ என உலகெங்கும் பரவிய நாடகத்தில் ஒலிக்கும் ‘பெல்லா சாவ்’ இவ்வகையில் ஆராயத்தக்கது.

1943–45 காலப்பகுதியில் பாசிசத்தையும் ஜேர்மனிய ஆக்கிரமிப்பையும் எதிர்த்த இத்தாலியப் போராளிகளின் நினைவோடு பிணைந்தது இப்பாடல். எனினும், 1964இன் ஸ்பொலேற்றோ விழாவுக்குப் பின்னரே அது பெருவழக்குற்றது. எனவே, பாடல் களம் மாறுவது இழுக்கன்று. எத்தகைய களத்துக்கு மாறுகின்றது என்பதே பிரச்சினை.

மட்ரிட் அரச நாணயச்சாலையைக் கொள்ளையர் கைப்பற்றுவதே கதை. குழுத்தலைவரான ‘பேராசிரிய’ரின் பாட்டனார் பாசிச எதிர்ப்பாளர் எனக் கூறி, பாடலுக்கு நியாயம் கற்பிக்கப்படுகின்றது. கொள்ளைக்கு முந்திய இரவில் இருவர் சேர்ந்து பாடும் காட்சி, வரவிருக்கும் பிரிவின் சாயலால் நெஞ்சைத் தொடுகின்றது. கலைநிலையில் அது வெற்றியே. ஆயின், நாணயச்சாலையினுள் துப்பாக்கி முனையில் நாணயத்தாள்களை அச்சிடுவோர் அங்குள்ள ஊழியரே. கட்டாய உழைப்பின் மீது விடுதலைப் பாடல் ஒலிக்கும் இம்முரண்பாட்டை அக்காட்சி கண்டுகொள்வதில்லை. வங்கிகளுக்குப் பணத்தை வாரி வழங்கிய ஐரோப்பிய மத்திய வங்கி பற்றிய விமர்சனமும் வேறிடத்தில், பேராசிரியரின் தனிப்பேச்சாகவே நின்றுவிடுகின்றது.

கூட்டெதிர்ப்பின் குரல் இவ்வாறே சிலரது பாசவுணர்ச்சியாகச் சுருங்குகின்றது. பாடலை உலகறியச் செய்தமை நாடகத்தின் சாதனையெனின், அதன் எதிரியை மறக்கச் செய்தமையும் அதன் கணக்கிலேயே சேரவேண்டும்.