அழுக்கு விழும் கோடு

காப்பாரில் எங்கள் வீட்டுக் குளியலறையைப் புதுப்பித்து முடித்திருந்த நேரம். தந்த நிறத் தரை ஓடு, இடைவெளிகளுக்குக் கடுஞ்சாம்பல் பூச்சு, சுவரும் தரையும் சேரும் மூலைக்கு அதே சாம்பலில் சிலிக்கன். தைப்பூசத்துக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த சம்பந்தி கைகழுவப் போனவர், சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"என்ன சம்பந்தி, அழுக்கு தெரியக்கூடாதுன்னு அழுக்குக் கலரையே வச்சு அடைச்சுட்டீங்க! சிலோன்காரங்க வீடெல்லாம் இப்படித்தானா?"

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் "சிலோன்காரங்க" என்ற சொல் அந்த வாக்கியத்தில் எதற்கு வந்தது? என் கடப்பிதழ் மலேசியக் கடப்பிதழ். பாட்டனார் யாழ்ப்பாணத்து உரும்பிராயிலிருந்து கப்பலேறி இந்தப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கிராணியாக அமர்ந்தவர். பேரன் வீட்டுச் சிலிக்கனுக்கும் அந்தக் கப்பலுக்கும் என்ன உறவு? யோசித்துப் பார்த்தால், உறவு இருக்கிறது. சம்பந்தி கேலி செய்த சாம்பல் நிறத்தை நான் தேர்ந்தெடுத்தது உரும்பிராயில் கற்ற பாடத்தால்தான்.

வலிகாமத்து மண் சிவப்பு. உரும்பிராய், கோண்டாவில், சுன்னாகம் எங்கும் தோட்டத்துக்குப் போய்வரும் கால் சிவந்துதான் வீட்டுக்குள் நுழையும். அதனால்தானோ என்னவோ, பழைய கல்வீடுகளில் நிலமும் சிவப்பு. (அங்கே தரையை நிலம் என்றே சொல்வார்கள். "நிலத்திலை இரு" என்றால் முற்றத்தில் போய் உட்காரச் சொல்வதில்லை.) சீமெந்தோடு சிவப்பு ஒட்சைட் பொடியைக் கலந்து, மேல்பூச்சாகப் போட்டு, சாந்தகப்பையால் மினுங்கும்வரை இழைப்பார்கள். ஈரம் காயுமுன் நூலை இழுத்துப் பதித்தால் கட்டம் கட்டமாகக் கோடு விழும். சீமெந்து காய்ந்து சுருங்கும்போது வெடிப்பு கண்டபடி ஓடாமல் அந்தக் கோட்டோடு போகும் என்பது மேசன்மார் கணக்கு. பிறகு சிவப்பு பொலிஷ் பூசி, தேங்காய்ப் பொச்சைக் காலுக்கடியில் வைத்து நடனம் ஆடுவதுபோலத் தேய்ப்பார்கள். மெழுகுதான் அந்த நிலத்தின் காப்பு. துளைகளை அடைத்து, நீர் இறங்காமல் தடுத்து, நிறத்தையும் ஆழமாக்கிவிடும்.

போருக்குப் பின் பெரியப்பா வீட்டு நிலத்தைப் பழுதுபார்த்தபோது நான் அங்கிருந்தேன். 1990-க்குப் பிறகு வடக்குக்குச் சீமெந்து தடை செய்யப்பட்டிருந்த காலத்தையும், 1950-இல் ஓடத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை அதே 1990-இல் போரால் நின்றுபோனதையும் அறிந்தவர்களுக்கு, அந்த வெடிப்புகள் ஏன் இத்தனை காலம் திறந்தே கிடந்தன என்று சொல்ல வேண்டியதில்லை. வந்த மேசன் நேரே வெடிப்பை அடைக்கவில்லை. சிவப்புப் பொடியைக் கூட்டியும் குறைத்தும், ஒன்றில் துளி கறுப்பும் சேர்த்து, கிணற்றடிக் கட்டில் நான்கு பொட்டு வைத்தார். எனக்கு இரண்டாவது பொட்டு அப்படியே பொருந்தியதாகத் தோன்றியது. சொன்னேன்.

"தம்பி, ஈரத்திலை நிறம் பாக்கக்கூடாது. காய விடுங்கோ, நாளைக்குச் சொல்லுங்கோ."

மறுநாள் இரண்டாவது பொட்டு செங்கல் தூள்போல வெளிறிக் கிடந்தது. கறுப்புச் சேர்த்த நான்காவதுதான் அறுபது ஆண்டு மெழுகு குடித்த நிலத்தோடு ஒத்துப்போனது. சீமெந்துப் பூச்சு ஈரத்தில் கறுத்துக் காட்டும், காய்ந்தால் வெளுக்கும். இன்று ஓட்டு இடைவெளிக்குப் பொதியில் வரும் நிறப்பூச்சுக்கும் இதே விதிதான். கடைக்காரர் காட்டும் நிற அட்டையை நம்பாமல், மிஞ்சிய இரண்டு ஓட்டுத் துண்டுகளுக்கு நடுவே பூசிக் காயவைத்துப் பார்ப்பதே உத்தமம்.

இனித் தமிழ்நாடு. நியாயமாகவே எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அங்கே நான் நின்று பார்த்த கட்டட வேலை, ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் மாடியில் நடந்தது. மொட்டை மாடியில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து அடித்து, மேலே தட்டோடு பதித்து, ஓடுகளுக்கு இடையிலுள்ள கோடுகளைச் சிமெண்ட்டும் நீர்க்காப்புக் கலவையும் சிவப்பு ஆக்ஸைடும் சேர்த்து அடைத்துக்கொண்டிருந்தார் கொத்தனார். ஓடும் சிவப்பு, கோடும் சிவப்பு. கரண்டி (நம் சாந்தகப்பைதான்) போன தடம் தெரியவில்லை. வெயிலில் விரிந்து மழையில் சுருங்கும் தளத்துக்கு அது நூற்றுக்கு நூறு சரியான வேலை. கோட்டில் புதிதாக விரிசல் விட்டால் சிவப்புக்கு நடுவே கருங்கோடாகத் தெரியும், உடனே பிடித்துவிடலாம். இதை மெச்சாமல் இருக்க முடியாது.

ஆத்தங்குடிக் கல்லையும் மெச்சத்தான் வேண்டும். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, ஆக்ஸைடு கலந்த சிமெண்ட்டை நிறம் நிறமாக ஊற்றி, பின்புறம் மணலும் சிமெண்ட்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளையே கிடையாது. பதிக்கும்போது இடைவெளியை மயிரிழையாக வைத்து, நிறத்துக்கு நிறம் சிமெண்ட் பாலால் அடைக்கிறார்கள். நடக்க நடக்க, எண்ணெய்த் துணியால் துடைக்கத் துடைக்கப் பளபளப்பு ஏறுகிறது. அழகுதான். ஆனால் செட்டிநாட்டு மாளிகைகளை எழுப்பிய பணத்தில் பர்மாவோடு மலாயாவும் இலங்கையும் உண்டு என்பதைச் சம்பந்தி போன்றவர்களுக்கு யாராவது சொல்லிவைத்தால் நல்லது. கொழும்புச் செட்டியார் தெரு அங்கே சும்மா பெயருக்கு இருக்கவில்லை.

என் சண்டை ஆத்தங்குடியோடு இல்லை, இன்றைய அடுக்ககங்களோடு. வெள்ளை ஓட்டை ஒட்ட ஒட்டப் பதித்து, கோட்டில் ஒயிட் சிமெண்ட்டைத் தேய்த்துவிடுகிறார்கள். புதுமனை புகுவிழா அன்று தரை பால் ஊற்றியதுபோல இருக்கும். அறை பெரிதாகத் தோன்றும் என்பது அவர்கள் நியாயம், அதில் உண்மையும் உண்டு. பிறகு ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் வருகிறது. மஞ்சள் பூசிக் குளிக்கிறார்கள். கோடு பழுக்கிறது. ஆசிட் ஊற்றித் தேய்க்கிறார்கள். ஆசிட் அழுக்கை மட்டுமா தின்னும்? கோட்டிலுள்ள சிமெண்ட்டையும் சேர்த்துத் தின்னும். கடைசியில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார், கூரையில் ஈரம் என்று. வெள்ளையைக் காப்பாற்றப் போய்க் காப்பையே இழந்த கதை இது.

யாழ்ப்பாணமும் இப்போது யோக்கியம் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டுக் காசு வந்ததும் சிவப்பு நிலத்தை உடைத்து வெள்ளை மாபிள் பதித்த வீடுகள் உரும்பிராயிலேயே உண்டு. ஒரு மாரி முடிவதற்குள் கோடெல்லாம் காவி ஏறிவிடும். ஆனாலும் அங்குள்ள மேசன்மாருக்கு அது உறைத்துவிட்டது. அடுத்த வீட்டுக்கு மண்ணிறம் போடச் சொல்கிறார்கள். கிணற்று நீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது என்பதால் குளியலறைக்குக் கறுப்பும் வேண்டாம், உப்புப் பூத்து வெண்திட்டாகும் என்கிறார்கள். எந்த இடத்தில் என்ன அழுக்கு விழும் என்று பார்த்து நிறம் சொல்லும் புத்தி அந்த மண்ணில் இன்னும் இருக்கிறது. என் கண்ணுக்கு அது ரசனைக் குறைவாகத் தெரியவில்லை.

காப்பாருக்கு இரண்டு ஊர்க் கணக்கும் முழுதாகப் பொருந்தாது. நம் தாமான் வீடுகளில் குழாய்த் தண்ணீர் மென்மையானது, உப்புப் பூப்பது குறைவு. நமக்கு எதிரி பூஞ்சணம். இந்தப் புழுக்கத்தில் குளியலறை காயவே காயாது. வெள்ளைச் சிலிக்கன் சில மாதங்களில் கரும்புள்ளி போடும், அந்தப் புள்ளி உள்ளே ஊடுருவிவிட்டால் எந்த மருந்துக்கும் போகாது. அறுத்தெடுத்து மறுபடி போடுவதுதான் வழி. பூஞ்சணத் தடுப்பு மருந்து சேர்ந்த குளியலறைச் சிலிக்கன் என்று கேட்டு வாங்கினால் காலம் நீளும், அவ்வளவுதான். நிறமற்ற சிலிக்கன் எல்லா இடத்துக்கும் ஒத்துப்போகும் என்று சிலர் எண்ணுகிறார்கள். பின்னாலிருக்கும் கறையையும் சேர்த்துக் காட்டுவது அதன் குணம், நாள்பட்டால் மஞ்சளிக்கவும் செய்யும்.

மூலைக்குச் சீமெந்துப் பூச்சு ஆகாது, சுவரும் தரையும் தனித்தனியே அசைவதால் வெடித்துவிடும். அங்கே சிலிக்கன்தான். நடுக்கோட்டின் நிறமும் மூலைச் சிலிக்கனின் நிறமும் ஒன்றாக இருந்தால் கண்ணில் உறுத்தாது. ஜன்னல் சட்ட ஓரத்தில் சுவரோடு சேர்த்துச் சாயம் அடிக்க வேண்டுமென்றால் அக்ரிலிக் வகையை வாங்க வேண்டும், சிலிக்கன் மேல் சாயம் ஒட்டாது. பளிங்கு பதித்தவர்கள், ஆத்தங்குடிக் கல்லை வரவழைத்துப் பதித்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காடி வாடை அடிக்கும் சிலிக்கன் இறுகும்போது அமிலம் விடும், கல்லிலும் சிமெண்ட்டிலும் கறை வைக்கும். வாடையில்லாத நடுநிலை வகை கொஞ்சம் விலை கூடுதல்.

காப்பார் ஹார்ட்வேர் கடைகளில் வெள்ளை எப்போதும் முன்வரிசையில் நிற்கிறது. சாம்பல் கேட்டால் தவுக்கே பின்கட்டுக்குப் போய்த் தேடி எடுத்து, தூசியைத் துடைத்துத் தருகிறார். கேட்பார் குறைவு என்பதால் குழாய் நெடுநாள் கிடந்திருக்கும். காசு கொடுக்குமுன் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலம் கடந்த சிலிக்கன் எந்த நிறமானாலும் இறுகாமல் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.